ஒன்பதாம் நிலையம் பொய் சொல்லாது

அக்டோபர் ஒன்பதாம் தேதி, வியாழக்கிழமை, காலை 10.12க்குத் துறைமுகச் சாலையின் பதினான்காவது விளக்குக் கம்பத்தருகே, செயற்கைக்கோள் காட்டும் வழியில் தானாக ஓடி வெள்ளைக் கோடு போடும் இயந்திரம் இடப்பக்கமாக ஆறு மீட்டர் விலகியது. நடைபாதையில் ஏறி, நகராட்சி அலுவலகத்தின் திறந்திருந்த வாயிலுக்குள் நுழைந்து, அங்கே நின்றிருந்த ஆணையரின் கறுப்புக் காரை உரசிக்கொண்டு போனது. காரின் இரண்டு கதவுகளிலும் கோடு விழுந்தது. பின்வாயில் வழியாக வெளியேறிய இயந்திரம் 10.40க்குச் சாலைக்குத் திரும்பியது. கோட்டின் அகலம் எல்லா இடத்திலும் பத்து சென்டிமீட்டராகவே இருந்தது.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு, உதிரி தன் அண்ணியைப் பின்னால் உட்காரவைத்து வந்து, அயனி மண்டல ஆய்வு மையத்தின் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினான்.

உதிரிக்கு வயது நாற்பத்தொன்று. உதிரிபாகக் கடை வைத்திருந்தான். கடை போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. அண்ணனின் மனைவியை ஊர் முழுக்க மீட்டர் அண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். இருபத்தெட்டு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்து எழுதியவர். பொய் சொல்லும் மீட்டரை வாசற்படியில் நின்றே கண்டுபிடித்துவிடுவார் என்று பேர். ஓய்வு பெற்ற மறுமாதமே, பொய் சொல்லும் மனிதர்களையும் கண்டுபிடித்துத் தரும்படி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மனிதர்கள் சுலபம் என்பது அண்ணியின் அபிப்பிராயம். அவர்களுக்கு சீல் கிடையாது.

இயக்குநர் அவர்களை மேஜைக்கு எதிரே உட்காரவைத்து நடந்ததைச் சொன்னார். வியாழக்கிழமை காலை புவிகாந்தப் புயல் அடித்தது. சூரியன் கக்கிய துகள்கள் பூமியின் காந்தப்புலத்தைப் பிடித்து உலுக்கின. மற்ற நாடுகளின் வானப்படங்களில் எல்லாம் அது சிவப்பாகக் கொதித்தது. இந்த மையத்தின் படத்தில் மட்டும் வானம் நீலமாக, அமைதியாக இருந்தது. கோடு போடும் இயந்திரம் இந்தப் படத்தை நம்பித்தான் தன் இடத்தைத் திருத்திக்கொள்ளும். படம் அமைதி என்றது. இயந்திரம் ஆணையரின் காரைச் சாலை என்று நினைத்தது. தோண்டிப் பார்த்ததில், இருபத்திரண்டு நிலையங்களின் அளவீடுகள் அன்று காலை நீக்கப்பட்டிருந்தன. நீக்கியதற்கு எதிரே, பணியில் இருந்த ஆராய்ச்சியாளரின் குறியீட்டு எண் இருந்தது. ஒப்பந்தத்தில் வேலை செய்யும் பெண். மாலை நாலு மணிக்கு விசாரணை.

அவர் ஒரு காகிதத்தை நகர்த்தி வைத்தார். வெளி ஆய்வாளரின் அறிக்கை, ஏற்கெனவே தட்டச்சு செய்யப்பட்டது. அண்ணியின் கையெழுத்துக்கு மட்டும் இடம் காலியாக இருந்தது.

"என்னை எதுக்குங்க கூப்பிட்டீங்க? எனக்கு இந்த மண்டலம் எதுவும் தெரியாதே," என்றார் அண்ணி.

"அதனாலதாம்மா. துறைக்குச் சம்பந்தமில்லாத ஆள் வேணும்னு விதி. ஒண்ணுமே தெரியாதவங்கதான் நடுநிலையா இருக்க முடியும்."

"பாத்தீங்களா அண்ணி," என்று உதிரி முணுமுணுத்தான். "நமக்குத் தெரியாததுக்கும் ஒரு மரியாதை வந்திடுச்சு."

அவன் பேனாவைக் கீழே போட்டு, எடுக்கக் குனிந்தான். கூச்சமான இடங்களில் கைக்கு வேலை கொடுக்க அவன் செய்வது இது. மேஜைக்கு அடியில் இயக்குநரின் கால்கள், காலுறை மட்டும் போட்டபடி, துணி விரித்த ஒரு மரப்பெட்டியின் மேல் வசதியாகக் கிடந்தன. துணி விலகிய இடத்தில் ஓர் அம்புக்குறியும் 'இந்தப் பக்கம் மேலே' என்ற எழுத்தும் தெரிந்தன. அம்பு தரையைக் காட்டிக்கொண்டிருந்தது.

"சார், உங்க பெட்டி சிரசாசனம் பண்ணுது," என்றான் நிமிர்ந்து.

முதுகுவலிக்காக டாக்டர் காலை உயரமாக வைக்கச் சொன்னதாகவும், ரொம்ப வருஷமாக இதுதான் துணை என்றும் இயக்குநர் சொன்னார். அண்ணி காகிதத்தை மடித்துப் பையில் போட்டுக்கொண்டார். பார்க்காமல் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லை, மாலைக்குள் பார்த்துவிடுகிறேன் என்றார்.

படங்கள் தயாராகும் அறை இரண்டாவது மாடியில் இருந்தது. அங்கே வேலை செய்கிறவளை மையத்தில் எல்லோரும் படக்காரி என்றார்கள். அவள் மேஜை ஏற்கெனவே காலி. ஒரு கோப்பை, ஒரு ஸ்வெட்டர், இரண்டு நோட்டுப் புத்தகங்கள் எல்லாம் ஓர் அட்டைப்பெட்டிக்குள் போயிருந்தன.

"நீங்களே முடிவு பண்ணிட்டீங்களாம்மா?" என்று அண்ணி கேட்டார்.

"அளவீட்டைத் திருத்தினவள்னு எழுதி அனுப்பினா அவ்வளவுதான் மேடம். இந்த வேலை உலகத்துலயே ஒரு நாப்பது இடத்துலதான் இருக்கு. நாப்பது இடத்துல இருக்கிறவங்களும் ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சவங்க. ஆறு வருஷம் படிச்சு, அஞ்சு வருஷம் இங்க இருந்தேன். நாளையிலேர்ந்து எனக்குத் தெரிஞ்ச வேலை எதுவும் எனக்குக் கிடையாது."

அண்ணி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, முதலிலிருந்து சொல்லச் சொன்னார். படக்காரி சொன்னாள். தலைக்கு மேலே நூறு கிலோமீட்டருக்கு அப்பால், வெயில் பட்டுக் காற்று உடைந்து எலெக்ட்ரான்கள் தனித்தனியாகத் திரியும் அடுக்குதான் அயனி மண்டலம். செயற்கைக்கோள் சிக்னல் அதைத் தாண்டி வரும்போது கொஞ்சம் தாமதமாகிறது. இருபத்துமூன்று நிலையங்களில் அந்தத் தாமதத்தை அளக்கிறார்கள். பல கோணங்களில் அளந்ததைச் சேர்த்தால், ஆஸ்பத்திரி ஸ்கேனில் வயிற்றைப் பார்ப்பது போல, அந்த அடுக்கின் உள்ளே எங்கே அடர்த்தி, எங்கே பள்ளம் என்று பார்க்கலாம். அதோடு, வானம் இப்படித்தான் இருக்கும் என்று கணினி முன்கூட்டியே ஒரு கணிப்பும் போடும். கணிப்பும் அளவீடும் கலந்ததுதான் படம்.

"வானத்துக்கு ஸ்கேன்," என்றான் உதிரி. "ரிப்போர்ட்ல நார்மல்னு போட்டுட்டீங்க. நோயாளி எழுந்து போய் ஆணையர் கார்ல பெயின்ட் அடிச்சிட்டார்."

அவள் முதல்முறையாகச் சிரித்தாள். பிறகு மீதியைச் சொன்னாள். எந்த அளவீட்டையும் அவள் நீக்கவில்லை. நிரலே நீக்கியது. பணியில் யார் இருக்கிறார்களோ அவர்கள் எண்ணில் அது பதிவாகும். ஒவ்வொரு நிலையத்துக்கும் நம்பிக்கைப் புள்ளி என்று ஒன்று உண்டு. கணிப்போடு ஒத்துப்போனால் புள்ளி ஏறும், முரண்பட்டால் இறங்கும். அந்த விதியை எழுதியவர் இயக்குநர். அவருக்குப் பேர் வாங்கித் தந்ததே அந்த விதிதான். வருடக்கணக்காக ஒன்பதாம் நிலையம்தான் முதலிடம். புள்ளி 99.98. மற்ற இருபத்திரண்டின் புள்ளிகளையும் கூட்டினாலும் ஒன்பதுக்கு ஈடாகாது. வியாழக்கிழமை இருபத்திரண்டு நிலையங்களும் புயல் புயல் என்று கத்தின. ஒன்பது மட்டும் அமைதி என்றது. நிரல் ஒன்பதை நம்பி, மற்ற எல்லோருக்கும் பழுது என்று முத்திரை குத்தி வெளியே தள்ளிவிட்டது.

"நான் உடனே இயக்குநருக்கு போன் பண்ணினேன். 'ஒன்பது என்ன சொல்லுது?'ன்னு கேட்டார். அமைதின்னு சொல்லுது சார்னேன். 'அப்ப அமைதிதான். ஒன்பதாம் நிலையம் பொய் சொல்லாது'ன்னு வெச்சிட்டார். இப்ப அந்த போனே வரலைங்கறார்."

அண்ணி ஒன்பதாம் நிலையத்தின் ஒரு மாத அளவீடுகளை அச்செடுத்துத் தரச் சொன்னார். கூடவே வேறு ஒரு நிலையத்தின் தாள்களும். இரண்டையும் மேஜையில் விரித்து, எண்களின் மேல் விரலை ஓடவிட்டார். என்ன அளவு என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் அவர் முயலவில்லை. ஒரு தெருவின் வீட்டு எண்களைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"இது நொண்டுது," என்று மற்ற நிலையத்தைத் தொட்டார். "ஒரு நாள் ஜாஸ்தி, ஒரு நாள் குறைச்சல். வீட்ல ஆள் இருந்தா அப்படித்தான் இருக்கும். விருந்தாளி வருவாங்க, மோட்டாரை அணைக்க மறப்பாங்க. ஒன்பது நொண்டவே மாட்டேங்குது."

"அதான் மேடம் அது சிறந்த நிலையம்."

"நான் வேலைக்குச் சேர்ந்த புதுசுல, ஒரு தெருவுல ஒரு வீடு மட்டும் மாசாமாசம் நாங்க எதிர்பார்த்த யூனிட்டையே காட்டும். ஆபீஸ்ல எல்லாரும் மெச்சுவாங்க. போய்ப் பார்த்தா வீடு ரெண்டு வருஷமா பூட்டிக் கிடக்கு. எனக்கு முன்னாடி பார்த்த ஆள் வெயிலுக்குப் பயந்து, சராசரியைப் போட்டு எழுதிட்டே இருந்திருக்கான். ஒழுங்கா இருக்கிற கணக்கைத்தாம்மா முதல்ல போய்ப் பார்க்கணும்."

படக்காரி தாள்களைத் தன் பக்கம் திருப்பி, கணிப்பின் பட்டியலைத் திரையில் கொண்டுவந்து, ஒவ்வொரு வரியாக ஒப்பிட்டாள். எல்லா வரியும் இரண்டாவது தசமம் வரை ஒன்றாகவே இருந்தது. ஒரு நிலையம் கணிப்போடு ஒத்துப்போவது பெருமை என்றுதான் ஐந்து வருடமாக அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அண்ணி ஒரு யோசனை சொன்னார். பூட்டிய வீட்டைச் சோதிக்க மீட்டர்காரர்கள் செய்வதுதான். யாரும் எதிர்பார்க்க முடியாத ஓர் எண்ணைக் கணிப்பில் போடுவது. நிஜமான கருவியாக இருந்தால் அதைச் சட்டை செய்யாது.

"கணிப்பைக் கையால தொட்டா அதுவே குற்றம், மேடம்," என்றாள் படக்காரி. "நீங்க நினைக்கிறது தப்பா இருந்தா, நாலு மணிக்கு என் மேல ரெண்டு குற்றச்சாட்டு இருக்கும்."

"தெரியும். நீங்கதான் சொல்லணும்."

அவள் அட்டைப்பெட்டியைப் பார்த்தாள். அடுத்த படம் ஒரு மணிக்குத்தான் வெளியே போகும், அதற்குள் திருத்திவிடலாம் என்று தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னாள். ஒன்பதாம் நிலையத்துக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கான கணிப்பு 41.37 என்று இருந்தது. அதை அழித்துவிட்டு என்ன போடுவது என்று கேட்டாள்.

"என் ஸ்கூட்டர் நம்பரைப் போடுங்க," என்றான் உதிரி. "எட்டு ரெண்டு ஆறு நாலு. அதுக்கும் வானத்துக்கும் எந்தக் கொடுக்கல் வாங்கலும் கிடையாது. மேட்டுலயே ஏறாது."

அவள் 82.64 என்று அடித்தாள்.

ஒன்பதாம் நிலையம் துறைமுகத்துக்கு மேலே, குன்றில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தது. ஸ்கூட்டர் சொன்னபடியே மேட்டில் ஏற மறுத்ததால், கடைசிப் பாதியை இருவரும் அதைத் தள்ளிக்கொண்டு நடந்தார்கள். வழியெல்லாம் உதிரி குற்றவாளியை வர்ணித்துக்கொண்டு வந்தான். நிலையக் காவலர்தான் கள்ளன். கருவியை விற்றுவிட்டு, வீட்டில் படுத்தபடி எண்களை அனுப்பிக்கொண்டிருக்கிறான். ஆள் கட்டாயம் மீசை வைத்திருப்பான்.

காவலருக்கு மீசை இல்லை. சலவை மடிப்புக் கலையாத சீருடையில், ஐம்பத்தைந்து வயதுக்காரர், வாசலுக்கே ஓடி வந்தார். உதிரியின் கையிலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்ததும், பார்சல் கொண்டுவந்த ஆள் என்று நினைத்து அவர் முகம் மலர்ந்தது.

"மெஷின் வந்திடுச்சாங்க?"

உதிரி அண்ணியைப் பார்த்தான். அண்ணி உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒரே அறை. நாலு சுவரிலும் சுவர்க்கடிகாரங்கள், மொத்தம் பதினொன்று. எல்லாம் ஒரே மாதிரி, எல்லாவற்றின் அடியிலும் 'சிறந்த நிலையம்' என்ற தகடு. பதினொன்றும் ஒரே மூச்சில் துடித்தன. வருடத்துக்கு ஒன்று பரிசாக வரும் என்றும், வேறு வேலை இல்லாததால் எல்லாவற்றையும் நொடி பிசகாமல் வைத்திருப்பதாகவும் காவலர் சொன்னார்.

மொட்டை மாடிக்கு அழைத்துப் போனார். நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு கான்கிரீட் தூண். அதன் தலையில் நாலு போல்ட். போல்ட்டின் மேல் எதுவும் இல்லை. துருப்பிடிக்காமல் இருக்க வாராவாரம் எண்ணெய் போடுவதாக அவர் சொன்னார்.

"மெஷினை எங்கய்யா வித்தே?" என்றான் உதிரி.

காவலர் கோபப்படவில்லை. கீழே போய் ஒரு கோப்பைக் கொண்டுவந்து அண்ணியிடம் நீட்டினார். பதினொரு கடிதங்கள், வருடத்துக்கு ஒன்று. வேலையில் சேர்ந்தும் அளக்கும் கருவி இன்னும் வரவில்லை, தயவு செய்து அனுப்பவும் என்று எல்லாவற்றிலும் ஒரே விஷயம். ஒவ்வொன்றுக்கும் பதில் பின்னால் குத்தியிருந்தது. பதினொரு பதிலும் ஒரே வாசகம், கீழே இயக்குநரின் கையெழுத்து.

அண்ணி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்: "'தங்கள் நிலையம் மிகச் சிறப்பாக இயங்கி வருவதால், கருவி எதுவும் தேவையில்லை எனத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.'"

"மொதல்ல சிரிப்பா இருந்துச்சும்மா," என்றார் காவலர். "பரிசு மேல பரிசு வரவும் எனக்கே குழப்பமாயிடுச்சு. மெஷின் இருக்கு, நமக்குத்தான் கண்ணு தெரியலையோன்னு போன வருஷம் ஆஸ்பத்திரிக்குக்கூடப் போனேன். பார்வை நல்லாத்தான் இருக்குன்னாங்க."

கீழே பதினொரு கடிகாரங்களும் ஒன்றாகப் பன்னிரண்டு அடிக்கத் தொடங்கின. அதே நேரத்தில் அண்ணியின் போனும் ஒலித்தது. அடித்து முடியும்வரை யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. பிறகு அண்ணி போனை உதிரியின் காதில் வைத்தார்.

"ஒன்பதாம் நிலையத்துலேர்ந்து அளவீடு வந்திருக்கு," என்றாள் படக்காரி. அவள் குரல் மிக மெதுவாக இருந்தது. "எட்டு ரெண்டு, புள்ளி, ஆறு நாலு. பக்கத்துல இருக்கிற மூணு நிலையத்தைப் பழுதுன்னு தள்ளியிருக்கு. ஒன்பதோட நம்பிக்கைப் புள்ளி 99.99 ஆயிடுச்சு."

உதிரி வெறும் தூணைப் பார்த்தான். தன் ஸ்கூட்டர் நிற்கும் திசையையும் ஒருமுறை பார்த்தான். காவலரிடம் மன்னிப்புக் கேட்டான். "இங்க அனுப்பறதுக்கு ஆளும் இல்ல, மெஷினும் இல்ல. அப்ப யார் அண்ணி அனுப்பறா?"

"பூட்டின வீட்டுக்குச் சராசரி எழுதறவன் வீட்டுக்குள்ள இருக்க மாட்டான் தம்பி. ஆபீஸ்ல இருப்பான்." அண்ணி போனை வாங்கி, வெளியில் தேடவேண்டாம், மையத்தின் கணினியிலேயே, பதினொரு வருடத்துக்கு முந்தைய கோப்புகளில் பாருங்கள் என்று படக்காரியிடம் சொன்னார். பிறகு உதிரியைக் கேட்டார்: "காலைல ஒரு பெட்டி சிரசாசனம் பண்ணுதுன்னியே, அதுல வேற என்ன எழுதியிருந்துச்சு?"

விசாரணை சரியாக நாலு மணிக்கு, இயக்குநரின் அறையில் தொடங்கியது. தலைமையகத்திலிருந்து வந்த விசாரணை அதிகாரி நடுவில் உட்கார்ந்தார். பாதிக்கப்பட்டவர் என்ற முறையில் ஆணையரும் வந்திருந்தார். படக்காரி கதவோரம், அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். காவலர் கோப்போடு பஸ்ஸில் வந்து சேர்ந்திருந்தார். இயக்குநர் குற்றச்சாட்டை வாசித்தார், வெளி ஆய்வாளரின் கையெழுத்து வந்ததும் ஒப்பந்தம் ரத்தாகும் என்று முடித்தார்.

அண்ணி எழுந்து, ஒன்பதாம் நிலையத்தில் கருவி இருக்கிறதா என்று கேட்டார். இயக்குநர் சிரித்தார். நாட்டிலேயே சிறந்த நிலையத்தில் கருவி இருக்கிறதா என்று கேட்பது அயனி மண்டலம் தெரியாதவர்களால்தான் முடியும் என்றார்.

"சரிங்க. காலைக் கொஞ்சம் தூக்குங்க."

"என்ன?"

"சாட்சிக்காரன் கால்ல விழறதைவிடச் சண்டைக்காரன் கால்ல விழலாம்னு சொல்வாங்க சார்," என்றான் உதிரி, மேஜைக்கு அடியில் தவழ்ந்தபடி. "உங்க விஷயத்துல விழக்கூட வேணாம். தூக்கினாலே போதும்."

பெட்டியை வெளியே இழுத்து, அம்பு மேலே பார்க்கும்படி நிமிர்த்தினான். துணியை எடுத்ததும் ஒட்டுச்சீட்டு தெரிந்தது: நிலையம் 9. அண்ணி எழுத்தைப் பார்க்கவில்லை. பழக்கத்தில், முதலில் சீலைத்தான் தடவிப் பார்த்தார். "உடையலை," என்றார்.

பிறகு படக்காரி எழுந்து, பகல் முழுக்கத் தேடி எடுத்த ஒற்றைத் தாளை விசாரணை அதிகாரியிடம் கொடுத்தாள். பதினொரு வருடத்துக்கு முன், நிலையங்கள் தொடங்கிய வாரத்தில் எழுதிய நிரல் வரி அது. அதற்கு மேலே ஒரு குறிப்பு: கருவி பொருத்தும் வரை கணிப்பையே அளவீடாக அனுப்புக. தற்காலிகம். பக்கத்தில் தேதி, இயக்குநரின் தலைப்பெழுத்து.

இயக்குநர் அதை வாங்கி இரண்டு முறை படித்தார். அவர் முகத்தில் திருட்டு இல்லை. உண்மையாகவே மறந்துபோயிருந்தார், அந்தப் பதில்களில் படிக்காமலே கையெழுத்துப் போட்டிருந்தார் என்று உதிரிக்குத் தோன்றியது. காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் அவர் தவித்துக்கொண்டிருந்தார்.

"தற்காலிகம்னு தெளிவாத்தானே எழுதியிருக்கேன்," என்றார். பிறகு, யாரிடம் என்று இல்லாமல், "அப்ப என் கட்டுரை? 99.98 ஒத்துப்போச்சே?"

"ஒத்துப்போகுது சார்," என்றாள் படக்காரி. "உங்க கணிப்பு உங்க கணிப்போட ஒத்துப்போகுது."

ஆணையர் கையை உயர்த்தி, அப்படியானால் நூற்றுக்கு நூறு அல்லவா வரவேண்டும், மீதி 0.02 எங்கே போனது என்று கேட்டார்.

"கணிப்புல அஞ்சு தசமம் இருக்கும் சார். அனுப்பும்போது ரெண்டு தசமம்தான் போகும். அதுல உதிர்ந்தது."

ஆணையர் குறித்துக்கொண்டார்.

அண்ணி காலையில் வாங்கிய அறிக்கையைப் பையிலிருந்து எடுத்துப் பிரித்தார். தட்டச்சு செய்திருந்ததன் குறுக்கே ஒரு கோடு போட்டார். அடியில், இருபத்தெட்டு வருடம் எழுதிப் பழகிய கையால் மூன்று வரி எழுதி, அதன் கீழ் கையெழுத்துப் போட்டார்.

நிலையம் 9. கதவு பூட்டு. ரீடிங் எடுக்கப்படவில்லை, சராசரி எழுதப்பட்டுள்ளது.

விசாரணை 4.35க்கு முடிந்தது. படக்காரியின் மீதிருந்த குற்றச்சாட்டு நீக்கப்பட்டது. கணிப்பைக் கையால் மாற்றியதற்காக எழுத்து மூலம் ஓர் எச்சரிக்கையும், ஒப்பந்தத்துக்கு மூன்று வருட நீட்டிப்பும் ஒரே உறையில் அவளுக்குக் கொடுக்கப்பட்டன. இயக்குநர் நீண்ட விடுப்பில் சென்றார். விண்ணப்பத்தில் காரணம் முதுகுவலி என்று இருந்தது. அந்த ஆண்டு சிறந்த நிலையத்துக்கான கடிகாரம் யாருக்கும் வழங்கப்படவில்லை.

கருவி அக்டோபர் இருபத்திரண்டாம் தேதி குன்றின் மேல் தூணில் பொருத்தப்பட்டது. போல்ட்டுகள் சுலபமாகத் திரும்பின. பகல் பன்னிரண்டு மணிக்கு ஒன்பதாம் நிலையம் அனுப்பிய முதல் அளவீடு கணிப்பிலிருந்து பதினான்கு சதவிகிதம் விலகியிருந்தது. படக்காரி அதைப் படத்தில் சேர்த்துக்கொண்டாள்.